ஒரு முஷ்டி வடக்கு, மூன்று முஷ்டி தெற்கு

“டார்ச்ச அமத்துங்க சார். கடலப் பார்த்து அடிக்கக் கூடாது.”

முதலில் குரல் வந்தது. ஆட்கள் பிறகுதான் இருட்டிலிருந்து வந்தார்கள். ரோந்து வந்த இரண்டு காவலர்கள். மணி எட்டேகால். என் மகள் நண்டு தேடுகிறேன் பேர்வழி என்று அலையை நோக்கி டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தாள். சென்னையில் இதை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ராமநாதபுரத்துக் கரையில் ராத்திரி நேரத்தில் கடலைப் பார்த்து விளக்கை ஆட்டினால் அதற்கு வேறு பொருள். அக்கரையில் இலங்கை. நடுவே கடலட்டை, பீடி இலை என்று பலதும் களவாகப் போய்வரும் கடல். ஆதார் அட்டையைக் காட்டினோம், நாங்கள் கூடாரம் அடித்திருந்த தோப்புக்காரரின் போன் நம்பரைக் கொடுத்தோம், முதல் நாளே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்த தாளின் நகலையும் நீட்டினோம். சந்தேகம் தீர்ந்தது. ஆச்சரியம்தான் தீரவில்லை.

“எதுக்கு வந்திருக்கீங்க?”

“நட்சத்திரம் பார்க்க.”

மூத்தவர் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். “அது உங்க ஊர்லயும் இருக்குமே சார்?”

நியாயமான கேள்வி. பதில் கிடைக்க எங்களுக்கு விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது.

நாங்கள் நான்கு பேர். நான், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளியில் இயற்பியல் நடத்தும் நண்பன், அவனுடைய அம்மா. அறுபத்தெட்டு வயதில் கூடாரத்தில் படுக்க வந்த அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று மாசி மகா சிவராத்திரி. ராமேசுவரத்தில் தரிசனம் என்று சொல்லித்தான் மகனோடு கிளம்பியிருந்தார். பாம்பன் பக்கம் வண்டிகள் நின்ற வரிசையைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. “முழிக்கணும், அவ்வளவுதானே? கூட்டத்துல நசுங்கிக்கிட்டு முழிக்கிறதுக்கு இங்கயே முழிச்சிருக்கேன். சாமி கோச்சுக்காது.” நாங்கள் சிவராத்திரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அமாவாசைக்கு முந்தைய இரவு என்பதால் நிலா விடிகிற நேரத்தில்தான் தலைகாட்டும். இரவு முழுக்க இருட்டு நமக்கு. ஊரே கண்விழிக்கிற இரவும் வானம் முழு இருட்டாக இருக்கிற இரவும் ஒன்றாகவே வருவது நட்சத்திரம் பார்ப்பவர்களுக்குப் பெரிய வசதி. வீட்டில் யாரும் “தூங்காம அங்க என்ன பண்ணப் போறீங்க” என்று கேட்க மாட்டார்கள்.

இரண்டு கடல்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். உச்சிப்புளி தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு கடல், வலது கைப்பக்கம் ஒரு கடல், நடுவே நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பனையும் உடைமரமும். இடது பக்கம் பாக் விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா என்பது பாடப்புத்தகப் பெயர். இங்கே அவை வடகடல், தென்கடல். மண்டபத்திலேயே மீன்பிடி இறங்குதளம் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருக்கிறது. இன்னொரு பெயரும் உண்டு. அலை அதிகமில்லாத வடகடல் பெண்கடல். சீறுகிற தென்கடல் ஆண்கடல்.

ஆனால் இந்தப் பெயர் வருஷம் முழுக்கப் பொருந்தாது என்று சொன்னவர் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். கண்ணில் புரை விழும்வரை வத்தையில் போய் மீன் பிடித்தவர். “ஐப்பசி கார்த்திகைல வாடக்காத்து அடிக்கிறப்ப இந்தப் பொம்பளக் கடல வந்து பாருங்க தம்பி. மரத்தப் புடுங்கும். அப்ப அங்கிட்டுத் தென்கடல் குளம் மாதிரி கெடக்கும். கச்சான் கெளம்பிருச்சுன்னா இது அப்பிடியே மாறிப்போகும்.” வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது. காற்று திசை மாறும்போது கடலை மாற்றிக்கொள்கிற வசதி இந்த ஒடுங்கிய நிலத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் உண்டு. மாசியில் இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். சித்திரை வெக்கையும் புழுதியும் இன்னும் வந்திருக்காது. தமிழகக் கரையில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமானால் தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரைதான் பருவம். டிசம்பரில் வருகிற மிதுன எரிகல் பொழிவைப் பார்க்கிறேன் என்று கிளம்பி மழையில் நனைந்து திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏன் இன்னும் கொஞ்சம் போய்த் தனுஷ்கோடியிலேயே கூடாரம் அடிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அடிக்க முடியாது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு பகலில் கூட்டம் பெருகிவிட்டது. மாலையானால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதிரே தெரிகிற தீவுகளும் ஆகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது தெரிந்தவர் தோப்பு ஒன்றுதான். தோப்புக்காரரின் சம்மதம், ஊரில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை, காவல் நிலையத்தில் ஒரு தாள். இந்த மூன்றும் இல்லாமல் இந்தக் கரையில் கூடாரம் அடிப்பது வீரம் அல்ல, வம்பு.

அடித்த கூடாரமும் நிற்கவில்லை என்பது வேறு கதை. இணையத்தில் வாங்கியது. கூடவே வந்த கம்பி முளைகள் தோட்டத்து மண்ணுக்குச் செய்தவை. கடல் மணலில் அவற்றை அடிப்பதும் தயிரில் ஊசி குத்துவதும் ஒன்று. நான்கு மூலையும் அடித்து முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். லேசான காற்றுக்கே கூடாரம் எழுந்து இரண்டு குட்டிக்கரணம் போட்டு ஒரு தென்னையில் போய்ச் சாய்ந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் விரதக் களைப்பே தெரியவில்லை. பெரியவர் வந்து பார்த்தார். எங்கள் காய்கறிப் பைகளைக் கேட்டு வாங்கினார். நான்கிலும் மணலை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் புதைத்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மணலைப் பிடிக்க மணலே போதும் என்பது படித்தவனுக்குத் தெரியவில்லை.

சாயங்கால நடை

பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்தது. வடகடல் ஓரமாக நடந்தோம். இங்கே கால் முதலில் மிதிப்பது மணலை அல்ல, கடல்தாழையை. கடலடிப் புல்வெளியிலிருந்து அறுந்து வந்து கரையெல்லாம் பாய் விரித்தாற்போல் காய்ந்து கிடக்கும். நகரத்து ஆட்கள் இதைக் குப்பை என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். பாக் விரிகுடாவில் ஆவுளியா எனப்படும் கடற்பசு இன்னமும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இந்தப் புல். அதற்கு மேலே அடும்புக்கொடி. ஊதா நிறப் பூ, ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை. அதற்கும் மேலே மணல்மேட்டில் ராவணன் மீசை. தொட்டால் ஊசியாகக் குத்தும் புல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. அதன் விதைக்கொத்து முள் பந்து போல இருக்கும். காய்ந்ததும் தாய்ச்செடியிலிருந்து கழன்று காற்றில் கரையோரமாக உருண்டோடும். மகள் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஐம்பது அடி ஓடினாள். பந்துதான் ஜெயித்தது.

உருட்டி உருட்டி வைத்த மணல் கடுகுகள் ஒரு வளையைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தன. குனிந்து பார்த்தோம். விரல் நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வந்தது. மணலை வாயருகே வைத்து அதிலிருப்பதை உண்டுவிட்டு, மிச்சத்தை உருண்டையாக்கிப் பின்னால் தள்ளியது. நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. அசையாமல் நின்றால் மறுபடி வரும். ஒரு உருண்டைக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை மகள் எண்ணத் தொடங்கினாள். அடுத்த ஏற்றத்தில் இந்தக் கோலம் முழுக்க அழிந்துவிடும். நண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அறுந்த வலைத் துண்டுகள், தெர்மாகோல், ஒற்றைச் செருப்புகளைப் பற்றியும் எழுதலாம். எல்லாக் கரையிலும் இருப்பதுதான் இங்கேயும் இருந்தது.

கையே அளவுகோல்

காவலர்கள் போன பிறகு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றினோம். நட்சத்திரம் பார்க்க வருபவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. கண் இருட்டுக்கு முழுக்கப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். மங்கிய ஒளியைப் பார்க்கும் செல்களில் ஒரு நிறமி மெல்ல மெல்ல ஊறி நிரம்ப வேண்டும். ஒரே ஒரு முறை போனைத் திறந்தால் அத்தனையும் போய்விடும், மறுபடி அரை மணி நேரம். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகச் சீண்டாது. “வாட்ஸ்அப் பார்க்கிறவங்க கூடாரத்துக்குள்ள போயிடணும்” என்று வாத்தியார் சட்டம் போட்டான். முதலில் மீறியவன் அவன்தான்.

“துருவ நட்சத்திரத்தக் காட்டுங்க மாமா” என்றாள் மகள்.

எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பாதிப் பேர் அதுதான் வானத்திலேயே பிரகாசமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரகாச வரிசையில் அது முதல் நாற்பதுக்குள்கூட வராது. அதன் பெருமை வெளிச்சத்தில் இல்லை, நகராமல் நிற்பதில் இருக்கிறது. வாத்தியார் அவளை வடக்கே கடலைப் பார்த்து நிற்கச் சொன்னான். வலது கையை நேராக நீட்டி முஷ்டி பிடிக்கச் சொன்னான். முஷ்டியின் அடிப்பக்கம் கடலும் வானமும் சேரும் கோட்டில் இருக்க வேண்டும். “மேல் விளிம்புக்குப் பக்கத்துல பாரு.”

கடலை ஒட்டிய மங்கலில் சிறிது நேரம் தேடினோம். இருந்தது. தனியாக, கொஞ்சம் சோகையாக.

கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஏறத்தாழ பத்து பாகை. சின்னக் கைக்குச் சின்ன முஷ்டி, அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் கணக்கு ஒத்துப்போகும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. இங்கே ஒன்பது சொச்சம். அதாவது ஒரு முஷ்டிக்குச் சற்றே குறைவு. தில்லியில் இதே நட்சத்திரம் மூன்று முஷ்டி உயரத்தில் நிற்கும்.

“இப்ப அப்படியே திரும்பு.”

தெற்கே தென்னை ஓலைகளுக்கு மேலே, வைரம் பதித்தாற்போல் வெள்ளையாக ஒன்று. அகத்தியர். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரம் இதுதான். சிரியஸ் நமக்கு அண்டை வீடு, எட்டரை ஒளியாண்டுத் தொலைவுதான். அகத்தியர் முந்நூறு ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்துகொண்டு இப்படி மின்னுகிறது என்றால் அதன் உண்மையான வெளிச்சத்தை நினைத்துப் பாருங்கள். மகள் முஷ்டி மேல் முஷ்டியாக எண்ணினாள். ஓலை குறுக்கிட்டதால் இரண்டு முறை தப்பு வந்தது. மூன்றாவது முறை சரியாக வந்தது. மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்தெட்டு பாகை.

தில்லியில் அகத்தியர் எவ்வளவு உயரம் ஏறும் தெரியுமா? ஒரு முஷ்டி. அதுவும் ஒன்பது பாகைக்கும் கொஞ்சம் கீழே. வடக்கே மூன்று, தெற்கே ஒன்று என்பது தில்லியின் கணக்கு. இங்கே அது அப்படியே கவிழ்ந்து வடக்கே ஒன்று, தெற்கே மூன்று. கண்ணாடியில் பார்ப்பது போல. இது தற்செயலாக அமைந்த எண் விளையாட்டுத்தான். ஆனால் அந்த மணலில் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்க்கும்போது தற்செயல் என்று தோன்றாது. நாடு சாய்ந்துவிட்டது, சமன் செய்யத் தெற்கே போ என்று அகத்தியரை அனுப்பிய கதையை யார் முதலில் சொன்னார்களோ, வடக்கில் அந்த நட்சத்திரம் அடிவானத்தை உரசிக்கொண்டு போவதையும் தெற்கே வர வர அது எழும்புவதையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது. புராண ஆராய்ச்சியாளர்கள் மன்னிக்க.

பத்தரை மணி வாக்கில் வடகிழக்கே கடலுக்கு மேல் சப்தரிஷிகள் எழுந்து நின்றார்கள். வால் பகுதியில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. அம்மா வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “என் கல்யாணத்துல பதினொரு மணி வெயில்ல மேல கைய நீட்டி, தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னு சொன்னேன். அம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார்.

விரதம் அவருக்குத்தான். எங்களுக்குக் கல் அடுப்பில் சோறும் கருவாட்டுக் குழம்பும் தயாராகிக்கொண்டிருந்தது. வாசனை வரும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அம்மா கதை சொன்னார். அவருடைய அப்பத்தா சொன்ன கதையாம். ஒரு செட்டியார் விடியற்காலையில் சந்தைக்குப் புறப்படுவது வழக்கம். ஒரு நாள் கிழக்கே பெரிய வெள்ளி ஒன்று எழுந்ததைப் பார்த்து, விடிவெள்ளி வந்துவிட்டது என்று நினைத்துப் பொதியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அது விடிவெள்ளி இல்லை. நடுச்சாமத்தில் வருகிற வேறொன்று. காட்டு வழியில் கள்ளர் கையில் அகப்பட்டு எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து அதற்குப் பெயர் செட்டியைக் கெடுத்த வெள்ளி. கடிகாரம் இல்லாத காலத்தில் வானத்தைத் தப்பாகப் படித்தால் பொருள் போகும், சமயத்தில் உயிரும் போகும். நாம் அழகு பார்க்க வந்திருக்கிறோம். அவர்கள் மணி பார்த்தார்கள்.

“இந்த மாசம் விடிவெள்ளி கெடையாது பாப்பா. அது சாயங்காலப் பக்கம் போயிருச்சு” என்றார் பெரியவர். வெள்ளிக் கோள் சில மாதம் காலையிலும் சில மாதம் மாலையிலும் தெரியும் என்பதை வாத்தியார் மணலில் வட்டம் வரைந்து விளக்கினான். பெரியவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். புரை விழுந்த கண்ணில் அவருக்கு இப்போது பெரிய நட்சத்திரங்கள் மட்டும்தான் தெரிகின்றன. மற்றவை எங்கே இருக்கும் என்று மனப்பாடம். வலை போட்டுவிட்டுப் படகில் படுத்திருக்கும்போது பார்த்துப் பார்த்துப் பதிந்தவை. கார்த்திகைக் கூட்டம் எங்கே என்று எங்களைக் கேட்டார். மேற்கே கடலைத் தொடப்போகிறது என்றோம்.

“அப்ப பன்னெண்டரை.”

வாத்தியார் கூடாரத்துக்குள் போய் போனைப் பார்த்துவிட்டு வந்தான். பன்னிரண்டு முப்பத்தைந்து.

தென்கடலுக்கு

ஒன்றேகால் மணிக்குக் கிளம்பினோம். வடகடலிலிருந்து தென்கடலுக்கு நடை. ஒரு மணி நேரத்துக்குள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடலாம் என்பது சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருக்கிறது. அம்மாவும் வந்தார். பனங்காட்டு வண்டிப்பாதை, ரயில்வே கேட், அப்புறம் நெடுஞ்சாலை. சாலையில் மட்டும் ஊர் விழித்திருந்தது. சிவராத்திரி வண்டிகள் ராமேசுவரம் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிரே வந்த பேருந்தின் முகப்பு விளக்கு ஒரு நொடிதான் கண்ணில் பட்டது. நாலரை மணி நேரமாகச் சேர்த்து வைத்த இருட்டு அவ்வளவும் காலி. சாலையைத் தாண்டி உடைமரங்களுக்குள் இறங்கியபோது பாதை தெரியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

மரம் முடிந்த இடத்தில் வானம் இறங்கியிருந்தது.

தென்கரையில் எனக்கு முதலில் உறைத்தது என்ன இருக்கிறது என்பதல்ல, என்ன இல்லை என்பது. எதிரே தீவுகளின் கறுப்புக் கீற்று. அதைத் தாண்டிக் கடல். தெற்குப் பக்கம் முழுக்க ஊர் இல்லை, தெருவிளக்கு இல்லை, அடிவானத்தில் அந்த ஆரஞ்சு நிற வெளிச்சப் படலம் இல்லை. மலைக்குப் போனால் வானம் தெளிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் அடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் அடிவானத்தில் நிற்கும், அல்லது எதிர்மலை மறைக்கும். கடல்தான் அடிவானத்தின் கடைசி விரற்கடை வரை வானத்தைக் கொடுக்கிறது. தெற்கு வானத்தின் நட்சத்திரங்கள் நமக்கு அந்தக் கடைசி விரற்கடைகளுக்குள்தான் இருக்கின்றன.

இரண்டே முக்காலுக்கு அது நிமிர்ந்து நின்றது. நான்கு நட்சத்திரங்கள், சற்றே வளைந்த சிலுவை. நம் மரபில் திரிசங்கு. உடம்போடு சொர்க்கம் போகப் பார்த்து நடுவழியில் தொங்கிய அரசன். அதன் அடி நட்சத்திரம் கடலிலிருந்து இரண்டு முஷ்டிக்குள். இடது பக்கம் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் அதற்குக் காவல் மாதிரி எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் கீழே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரக் குடும்பம், 4.37 ஒளியாண்டு.

இந்தியாவில் இருட்டு வானத்துக்குப் பேர்போன இடம் லடாக்கின் ஹான்லே. 2022-ல் அதை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். போய் வந்த நண்பர்கள் காட்டும் படங்களைப் பார்த்து எனக்கும் ஏக்கம் உண்டு. ஆனால் ஹான்லேயில் எவ்வளவு நேரம் கண்விழித்தாலும் திரிசங்கு இப்படி நிற்காது. அதன் அடி நட்சத்திரம் அங்கே அடிவானத்துக்கு மேலேயே வராது. அந்தக் காவலருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். எங்கள் ஊரிலும் வானம் இருக்கிறது சார், அதற்கு இந்தப் பக்கத்துக் கதவு இல்லை.

இந்தக் கதவு வழியாகப் பார்த்தவர்கள் முன்பும் உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால் தொடர்ந்துகொண்டிருந்தார். வழியில் ஆல்ஃபா சென்டாரி அகப்பட்டது. அது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரம் என்று கண்டு எழுதி வைத்தார். உலகத்தில் அதை முதலில் பார்த்த கண்கள் நம் கிழக்குக் கரையில் இருந்தன. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் கண்டறிந்த ஒளிமாறும் நட்சத்திரமும் தெற்குக் கோடியில் இருப்பதுதான். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணத்துக்காக ஊர் ஊராக ஆட்கள் தனுஷ்கோடிக்கு வந்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் வளையலாக நின்றது. பகலில் அப்படி ஒரு கூட்டம் கூடிய நிலத்தின் இரவு வானத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

தொலைநோக்கியைத் தூக்கிவர முடியாது என்று 10x50 பைனாகுலரை மட்டும் கொண்டுவந்திருந்தோம். சென்டாரிக்கு மேலே, பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒன்றைக் காட்டினான் வாத்தியார். ஒமேகா சென்டாரி. ஒற்றை நட்சத்திரம் போலத் தெரிவது உண்மையில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்களின் பந்து. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் வரும். அம்மாவுக்கு அந்த வித்தை உடனே பிடிபட்டது. “பேரப்பிள்ளை சாப்பிடுதான்னு பாக்கற மாதிரி பாக்கணும். நேரா பாத்தா சாப்பிடாது.”

விளக்கும் ஆமையும்

அலை ஓரம் நடந்தபோது மகள் நின்றாள். அவள் காலடியில் மணல் மினுக்கியது. மறு காலை வைத்தாள், அங்கேயும். மீனவர்கள் இதைக் கமர் என்பார்கள். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் அசைவுக்கு ஒளி விடுவது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அளவு மீறினால் விருந்து இல்லை. 2019 செப்டம்பரில் இதே பாம்பன், மண்டபம் பகுதியில் நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. அன்று எங்கள் காலில் பட்டது பத்துப் பதினைந்து பொறிகள். மகள் தரையில் குதித்துக் குதித்து எல்லாவற்றையும் செலவழித்துத் தீர்த்தாள்.

தை முதல் பங்குனி வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நாங்கள் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினால் கட்டுரை இன்னும் எடுப்பாக இருக்கும், என்ன செய்வது. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இட்டு மூடிவிட்டு ஆமை போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். மணலைக் கிளறிக்கொண்டு இரவில் மேலே வரும் குஞ்சுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக இரவில் கரையைவிடக் கடல்பக்கந்தான் வெளிச்சம். நட்சத்திர ஒளி நீரில் படும், தோப்பு இருண்டு கிடக்கும். இன்று கரைப்பக்கம் ஹைமாஸ் விளக்கு நிற்கிறது. குஞ்சு ஊரை நோக்கி நடக்கிறது.

இறங்குதளத்து விளக்கை நான் குறை சொல்லவில்லை. விடிவதற்குள் மீனைப் பிரித்து ஐஸ் போட வேண்டியவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். யாருக்கும் பயன்படாமல் கடலைப் பார்த்து விடிய விடிய எரியும் தங்குமிடத்து அலங்கார விளக்குகளைத்தான் சொல்கிறேன். மேலே ஒரு மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் நடப்பவர்களுக்கும் வெளிச்சம் கூடும், கரண்டும் மிச்சமாகும். அன்று தென்கரையில் மேற்கே எங்கோ அப்படி ஒரு விளக்கு. அது நின்ற பக்கம் மட்டும் அடிவானத்து நட்சத்திரங்கள் அழிரப்பர் பட்டாற்போல் காணாமல் போயிருந்தன.

நாலே முக்காலுக்குத் தென்கிழக்கில் விருச்சிகம் முழுசாக எழுந்துவிட்டது. கேட்டையின் செம்புள்ளி, அதற்குக் கீழே வளைந்த கொடுக்கு. கொடுக்குக்குப் பக்கத்தில்தான் நம் பால்வீதியின் நடுப்பகுதி. கடலிலிருந்து புகை எழுவது போலத் தெரிந்தது. மேகம் வருகிறதே என்று அம்மா கவலைப்பட்டார். மேகம் இல்லை, நட்சத்திரங்கள் என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. ஐந்தரைக்குக் கிழக்கே நகக்கீறல் போல நிலா வந்தது. இருட்டு இளக ஆரம்பித்து, கடைசியாக எழுந்தவை முதலில் மறைந்தன.

திரும்பி வந்து சாலையோரக் கடையில் தேநீர் வாங்கினோம். விரதம் முடிக்க அம்மாவுக்குப் பால் மட்டும். கடைக்காரர் எங்கள் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டு, “கோயில்ல நல்ல கூட்டமோ?” என்றார். “ஆமா” என்றார் அம்மா.

தோப்பில் கூடாரத்தைப் பிரித்தோம். பனியில் தொப்பலாக நனைந்திருந்தது. புதைத்த பைகளைத் தோண்டி மணலைக் கொட்டினோம். பெரியவர் தென்னை மட்டையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, தென்கரையில் என்னவெல்லாம் தெரிந்தது என்று மகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். திரிசங்கு என்றாள். அவருக்கு விளங்கவில்லை. நாலு நட்சத்திரத்தை மணலில் குத்திக் காட்டினாள்.

“இதா? நாங்க சிலுவைம்போம். எப்ப நேரா நின்னுச்சு?”

“மூணு மணி இருக்கும் தாத்தா.”

“மூணு மணி வரைக்கும் சின்னப்புள்ள முழிக்கலாமா? பங்குனி அமாவாசைக்கு வா. ஒரு மணிக்கே நின்னுரும்.”

நட்சத்திரங்கள் ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் முன்னதாக வரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். வாத்தியார் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினான். அதற்குள் பெரியவர் எழுந்து போய்விட்டிருந்தார். மகள் பங்குனி அமாவாசை என்ன கிழமை என்று என் போனைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.